ஹார்ட்டெயில் கட்டுகிறீர்களா? டயரிலிருந்து தொடங்குங்கள்

ஃபிரேம் வாங்கியாயிற்று, ஃபோர்க்கும் வந்துவிட்டது, இனி சக்கரம். மலைச் சைக்கிளை ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துத் தானே கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். கேரோசல் விற்பனைச் செயலியைத் திறந்தால் "29, பூஸ்ட், 30 மி.மீ., மைக்ரோ ஸ்பிளைன், சென்டர் லாக்" என்று ஒரே வரியில் ஐந்து புதிர்கள். கடைக்குப் போய்க் கேட்டால் அங்கிள் பதில் சொல்வதற்கு முன் நம்மையே நாலு கேள்வி கேட்பார். அந்த நாலுக்கும் பதில் தெரிந்துகொண்டு போனால் காசும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ஹார்ட்டெயில் என்பது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். பின்பக்கம் வெறும் குழாய், அசைந்து கொடுக்காது. பின் சக்கரம் ஒரு வேரின் மேல் ஏறி இறங்கினால் அந்த அடியை வாங்க டயருக்குள் இருக்கும் காற்று உண்டு, அதைத் தாண்டினால் உங்கள் முழங்கால் உண்டு. வேறெதுவும் கிடையாது. ஆக, ஹார்ட்டெயிலின் பின்பக்க சஸ்பென்ஷன் டயர்தான். இது புரிந்துவிட்டால் எதை முதலில் பார்ப்பது என்பதும் தெளிவாகிவிடும். எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள், அந்த மண்ணுக்கு எந்த டயர், அந்த டயருக்கு எவ்வளவு அகலமான ரிம் (டயர் உட்காரும் வளையம்), அப்புறம் ஹப் (சக்கரத்தின் நடுப் பாகம்). பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் கார்பன் ரிம்மில் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறைக்குக் கிடைத்த டயரை மாட்டுகிறார்கள். மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தானே.

எங்கே ஓட்டுகிறோம்?

சிங்கப்பூரில் மலைச் சைக்கிளுக்கென்று உள்ள தடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புக்கிட் தீமா இயற்கை வனத்தைச் சுற்றி ஓடும் தடம், செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் வடக்கு, தெற்குத் தடங்கள், புலாவ் உபினில் பழைய கெத்தாம் கல்குவாரியைச் சுற்றியுள்ள சைக்கிள் பூங்கா. 2010 இளையர் ஒலிம்பிக் நடந்த தெம்பனிஸ் பைக் பார்க் இப்போது இல்லை.

புக்கிட் தீமாவின் உச்சியே 163.63 மீட்டர்தான். அதற்கு மேல் நம் நாட்டில் இயற்கையான உயரம் கிடையாது. எனவே வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல் ஒரே இறக்கமாக அரைமணி நேரம் இறங்கும் கதை இங்கே நடக்காது. சின்ன ஏற்றம், சட்டென்று இறக்கம், வளைவு, மறுபடி ஏற்றம், இப்படித்தான் போகும். அடியில் கருங்கல். அந்தக் கல் காலப்போக்கில் மக்கி உண்டான செம்மண் களி. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மரவேர். இரண்டு நாள் வெயில் அடித்தால் தரை இறுகி, மேலே பொடிக்கல் உருளும். ஒரு மழை பெய்தால் வேர்கள் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும்.

அப்படியானால் சேற்றுக்கென்றே செய்த டயர் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பேன். அந்த டயர் தேவைப்படும் அளவுக்குச் சேறாக இருக்கும்போது தடத்தில் இறங்கவே கூடாது. கனமழைக்குப் பின் தேசியப் பூங்காக் கழகம் தடங்களை மூடிவைப்பது உண்டு. ஊறிய களிமண்ணில் சக்கரம் உழுதால் தடமே குட்டிச்சுவராகிவிடும். நமக்கு வேண்டியது, காய்ந்த தடத்தில் நன்றாக ஓடி, ஈர வேரில் காலை வாராத டயர்.

இன்னொன்றைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தடத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளை மட்டும்தான் ஏற்ற விடுவார்கள். கார் இல்லாதவர் ஈசூனிலிருந்தோ ஜூரோங்கிலிருந்தோ மிதித்துத்தான் வரவேண்டும். பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் இருப்பதால் வழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது முழுக்க தார், சிமெண்டு. ஞாயிற்றுக்கிழமை செஸ்ட்நட்டுக்குப் போய்த் திரும்பும் ஒருவருக்கு மண்ணில் உருளும் தூரத்தைவிடத் தாரில் உருளும் தூரம் அதிகமாக இருக்கலாம். உயரமான மெத்துப் பட்டன்கள் (டயரின்மேல் துருத்தும் ரப்பர் மொட்டுகள்) உள்ள டயரைப் போட்டு அந்தத் தூரத்தை மிதித்துப் பாருங்கள், தடத்துக்கு வருமுன்னே தொடை கெஞ்சும். சூடான சிமெண்டில் அந்த விலை உயர்ந்த ரப்பரும் கண்முன்னே தேயும்.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

ஒரு டயரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர். அதன் கீழே "29×2.40". அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், கறுப்பின்மேல் கறுப்பாக, "61-622". ஏமாற்றாத எண் அந்தப் பொடி எழுத்துதான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம்.

622 என்றால் 29 அங்குலச் சக்கரம். 584 என்றால் 27.5. 559 என்றால் பழைய 26. சாலைச் சைக்கிள்காரர்கள் 700சி என்று சொல்வதும் இதே 622தான். ரிம் விட்டம் ஒன்றே. மேலே ஏறும் டயர் தடிமனாக இருப்பதால் மொத்த உயரம் 29 அங்குலத்தைத் தொடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 622உடன் மேலும் கீழும் 56 மி.மீ. டயரைக் கூட்டினால் 734 மி.மீ., கிட்டத்தட்ட 29 அங்குலம். இதே கணக்கில் இன்னொரு வேடிக்கையும் தெரியும். 27.5 ரிம்மில் 2.8 அங்குல டயரைப் போட்டால் மொத்த விட்டம் 726 மி.மீ. ஆகிறது. அதனால்தான் சில ஃபிரேம்கள் "29 அல்லது 27.5 பிளஸ்" என்று இரண்டையும் ஏற்கின்றன.

எது நல்லது? பெரிய சக்கரம் வேரையும் கல்லையும் சாய்வான கோணத்தில் சந்திக்கிறது, அதனால் தடங்கலில் முட்டி நிற்காமல் உருண்டு ஏறிவிடுகிறது. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு இது பெரிய உதவி. சின்னச் சக்கரம் எடை குறைவு, நின்ற இடத்திலிருந்து சீக்கிரம் வேகம் பிடிக்கும், இறுக்கமான வளைவில் சட்டென்று திரும்பும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் வந்தார், சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் 27.5இல் வந்தார். ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் குல்ஹாவி ஒரு வினாடியில் தங்கம் வென்றார். ஒரு வினாடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் உலகம் அதன்பின் மெல்ல 29 பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று புது டயர், புது ஃபோர்க், பழைய சக்கரம் எதைத் தேடினாலும் 29இல்தான் அதிகம் கிடைக்கும்.

என் யோசனை இது: ஃபிரேம் 29க்கு என்று செய்யப்பட்டிருந்தால் 29. உயரம் குறைந்தவர்கள் வாங்கும் சிறிய ஃபிரேம்கள் சில 27.5க்கு என்றே வரும். அதில் 29ஐத் திணிக்க முயல வேண்டாம். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடும் பழக்கமும் இருக்கிறது. அதற்கென்று வரைந்த ஃபிரேம் என்றால் சரி. சாதாரண 29 ஃபிரேமில் அப்படிச் செய்தால் பின்பக்கம் தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்க ஆரம்பிக்கும். நம் தடங்களில் இடிக்கக் கல்லுக்குக் குறைவே இல்லை.

பட்டன், ரப்பர், உறை

டயர் வாங்கப்போனால் எல்லாரும் முதலில் பார்ப்பது பட்டனைத்தான். நடுவில் உள்ள பட்டன்கள் தாழ்வாக, நெருக்கமாக இருந்தால் டயர் லகுவாக உருளும். ஓரப் பட்டன்கள் உயரமாக, கெட்டியாக இருந்தால் வளைவில் சாய்க்கும்போது பிடிக்கும். இடைவெளி அதிகமானால் களி ஒட்டாமல் உதிரும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத விஷயம் ரப்பர். ஈர வேரின் மேல் எவ்வளவு பெரிய பட்டனும் குத்தி இறங்க முடியாது, அது மரம். அங்கே உங்களைக் காப்பாற்றுவது ரப்பரின் மென்மையும் குறைவான காற்றும்தான். தயாரிப்பாளர்கள் ஒரே வடிவ டயரையே மூன்று நான்கு விதமான ரப்பரில் விற்கிறார்கள். மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப் மிக மென்மை, மேக்ஸ்டெரா நடுத்தரம், டூயல் என்பது கெட்டி, நிறைய உழைக்கும். ஷ்வால்பே இதையே கோட்டின் நிறத்தில் காட்டுகிறது: சிவப்புக் கோடு வேகத்துக்கு, நீலம் நடுத்தரம், ஆரஞ்சு மென்மை, ஊதா அதைவிட மென்மை. பெயரைப் பார்த்து வாங்கி, ரப்பரைப் பார்க்காமல் விட்டால் நண்பர் புகழ்ந்த அதே டயர் உங்களுக்கு வழுக்கும்.

இங்கே ஒரு பழைய தந்திரம் நன்றாக வேலை செய்யும். முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. முன் சக்கரம் வழுக்கினால் நீங்கள் தரையில். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் ஒரு சறுக்கல், ஒரு அசட்டுச் சிரிப்பு, அவ்வளவுதான். ஆகவே பிடிப்பை முன்னால் வையுங்கள்: கொஞ்சம் அகலம், மென்மையான ரப்பர், உயரமான ஓரப் பட்டன். பின்னால் வேகத்தை வையுங்கள்: தாழ்ந்த பட்டன், கெட்டி ரப்பர். மிதிக்கும் விசை பின் சக்கரத்தில்தான் போகிறது, உடல் எடையும் அங்கேதான் அதிகம், எனவே சீக்கிரம் தேய்வதும் அதுதான். மேக்ஸிஸில் சொல்வதானால் முன்னால் மினியன் டிஎச்எஃப் அல்லது டிசெக்டர், பின்னால் ரீகான் அல்லது ஆர்டென்ட், இந்த மாதிரி ஜோடி. புக்கிட் தீமாவுக்கும் செஸ்ட்நட்டுக்கும் அது தாராளம். உபினில் கெத்தாமின் இரட்டைக் கறுப்பு வைரக் குறியிட்ட (அதாவது மிகக் கடினமான) பகுதிகளே கதி என்று இருப்பவர்கள் பின்னாலும் ஒரு படி மேலே போகலாம். தாரிலேயே பாதி வாழ்க்கை ஓடுகிறது என்றால் முன்னாலும் ஒரு படி இறங்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, உறை. ரப்பருக்கு அடியில் இருக்கும் துணி அது. "60 டிபிஐ", "120 டிபிஐ" என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்ற கணக்கு. இழை கூடக்கூட நூல் மெலிது. டயர் எடை குறைந்து வளைந்து கொடுக்கும், ஆனால் கூரான கல் கிழிக்கும் வாய்ப்பும் கூடும். அதனால் பக்கவாட்டில் தனியாக ஒரு பாதுகாப்புப் படலம் வைக்கிறார்கள். மேக்ஸிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ் என்று படிப்படியாக ஏறும். ஹார்ட்டெயிலில் பின் டயர்தான் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்கும். எனவே எடையைக் குறைக்க வேண்டுமென்றால் முன்னால் குறையுங்கள். பின்னால் நூறு கிராம் கூடினாலும் கெட்டி உறைதான் புத்திசாலித்தனம்.

அகலத்துக்கு எல்லை

போன மாதம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, டயர்தான் சஸ்பென்ஷன்னு சொல்றீங்களே, அப்ப பின்னாடி 2.6 போட்டுட்டா?"

"உன் ஃபிரேம் விடுதான்னு பாருடா முதல்ல."

விடவில்லை. டயர் ஏறியது, சுழலவும் செய்தது. ஆனால் பின் குழாய்க்கும் பட்டனுக்கும் நடுவில் இரண்டு மி.மீ. கூட இல்லை. புது டயர், நேரான ரிம், நிற்கிற சைக்கிள் என்பதால்தான் அதுவாவது. மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் வளையும். களிமண் ஒட்டும், அதோடு கருங்கல் பொடியும் வரும். அந்தப் பொடி ஃபிரேமின் பெயிண்டைத் தேய்த்து, அலுமினியத்தையும் தொடும். இரண்டு பக்கமும் ஆறு மி.மீ. இடம் இருந்தால் நிம்மதி. ஃபிரேம் தயாரிப்பாளர் அதிகபட்ச அகலத்தைக் கொடுத்திருப்பார், அதை மீற வேண்டாம். டயரின் அகலமும் ரிம்மைப் பொறுத்து மாறும். ஒரே டயரை அகலமான ரிம்மில் ஏற்றினால் சில மி.மீ. விரியும்.

ரிம்முக்கு இங்கேதான் வருகிறோம். விளம்பரத்தில் 25, 30, 35 என்று வருவது ரிம்மின் உள் அகலம். ஒல்லியான ரிம்மில் தடித்த டயரைப் போட்டால், காற்றைக் குறைத்ததும் வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கி நெளியும். அகல ரிம்மில் மெல்லிய டயரைப் போட்டால் அதன் மேற்பகுதி தட்டையாகி, ஓரப் பட்டன்கள் நடுவுக்கே வந்துவிடும், பக்கவாட்டு கல்லுக்கு வாகாக வெளியே நிற்கும். 25 மி.மீ. ரிம் 2.2 முதல் 2.4 வரை ஒத்துவரும். 30 மி.மீ. 2.3 முதல் 2.6 வரை. 35 என்பது 2.6க்கு மேலே போகிறவர்களுக்கு. முதல் ஹார்ட்டெயில் கட்டுகிறவர் 30ஐ வாங்கிவிட்டால் பின்னாளில் டயரை மாற்றினாலும் ரிம்மை மாற்ற வேண்டியிராது.

அலுமினியமா கார்பனா? அலுமினியம். கல்லில் அடிபட்டால் அலுமினியம் நசுங்கும், பல நேரம் தட்டிச் சரிசெய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். கார்பன் விரிசல் விட்டால் கதை முடிந்தது. மிச்சமாகும் காசுக்கு இரண்டு ஜோடி நல்ல டயர் வரும். ஸ்போக் 28ஆ 32ஆ என்றால், கனமான ஆள், பின் சக்கரம், சஸ்பென்ஷன் இல்லை, ஆகவே பின்னால் 32. தலை வளைந்த சாதாரண ஸ்போக் உள்ள ஹப்பாக இருந்தால் உடைந்தால் எந்தக் கடையிலும் மாற்றுக் கிடைக்கும்.

ஹப்பை ஃபிரேம்தான் தீர்மானிக்கிறது

இந்தப் பகுதியில் ரசனைக்கு இடமே இல்லை. பொருந்தும், அல்லது பொருந்தாது.

முதலில் ஆக்சில், அதாவது சக்கரத்தின் அச்சு. பழைய ஹார்ட்டெயில்களில் பின்னால் 135 மி.மீ. குயிக் ரிலீஸ் (நெம்பைத் தளர்த்திக் கழற்றும் மெல்லிய அச்சு), முன்னால் 100. அடுத்து வந்தது பின்னால் 142, தடிமன் 12 மி.மீ. துரூ ஆக்சில் (ஹப்பின் ஊடே புகுத்தும் தடித்த அச்சு), முன்னால் 100, தடிமன் 15. இப்போது பரவலாக இருப்பது பூஸ்ட்: பின்னால் 148, முன்னால் 110. ஹப்பில் ஸ்போக் மாட்டும் இரு பக்கமும் இன்னும் விலகி நிற்பதால் பெரிய 29 சக்கரம் பக்கவாட்டில் உறுதியாக இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மாற்றம். பூஸ்ட் இல்லாத சக்கரத்தை பூஸ்ட் ஃபிரேமில் போட அடாப்டர் உண்டு. பூஸ்ட் சக்கரத்தைப் பழைய ஃபிரேமில் போட வழி இல்லை, இடமே போதாது. இன்னொரு கண்ணி: விலை குறைந்த புது ஹார்ட்டெயில்கள் சிலவற்றில் 141 மி.மீ. குயிக் ரிலீஸ் வருகிறது. 142க்கும் 141க்கும் ஒரு மி.மீ.தானே என்று வாங்கிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு இனம். ஃபிரேமின் பின் கவட்டையில் ஸ்கேலை வைத்து அளந்து, ஃபோனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது ஃப்ரீஹப், அதாவது பின் பல்சக்கரக் கூட்டம் ஏறி உட்காரும் உருளை. சின்னப் பல்சக்கரத்தில் 11 பல் இருந்தால் பெரும்பாலும் பழைய ஹெச்ஜி. 10 பல் இருந்து ஷிமானோ 12 கியர் என்றால் 2018இல் வந்த மைக்ரோ ஸ்பிளைன். 10 பல் இருந்து ஸ்ராம் என்றால் எக்ஸ்டி. ஸ்ராமிலேயே எஸ்எக்ஸ், என்எக்ஸ் போன்ற விலை குறைந்த ஈகிள் கியர் தொகுதிகள் 11 பல்லோடு ஹெச்ஜியில் ஏறும். நல்ல ஹப்பாக இருந்தால் உருளையை மட்டும் தனியாக மாற்றலாம், எனவே வாங்குமுன் மாற்று உருளை கிடைக்குமா என்று கேளுங்கள்.

பிரேக் தட்டு ஆறு போல்ட்டா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர் லாக்கா என்பது சின்ன விஷயம். கையில் ஏற்கெனவே தட்டு இருந்தால் அதற்கேற்ப வாங்குங்கள். சென்டர் லாக் ஹப்பில் ஆறு போல்ட் தட்டை அடாப்டர் வைத்து மாட்டலாம், மறுபக்கம் முடியாது.

டியூப்லெஸ், காற்று

டியூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். அந்தப் பயத்தில் காற்றை ஏற்றினால் டயர் துள்ளும், பிடிக்காது, முதுகு வலிக்கும். டியூபையே எடுத்துவிட்டால் நசுங்க ஒன்றும் இல்லை. ஹார்ட்டெயிலுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான், விலை உயர்ந்த ரிம்மைவிடவும்.

வேண்டியவை: டியூப்லெஸ் என்று குறித்த ரிம், டயர், ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை மூட டேப், வால்வு, சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலண்ட். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட மூன்று நான்கு மி.மீ. அகலமாக இருக்கட்டும். ரிம்மை நன்றாகத் துடைத்துவிட்டு, டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்ட வேண்டும். சுருக்கம் விழுந்த இடத்தில்தான் ஒரு வாரம் கழித்துக் காற்று இறங்கும். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி வேகமாகக் காற்றடித்தால் "பட், பட்" என்று அடுத்தடுத்துச் சத்தம் வரும். டயர் ரிம்மில் ஏறி உட்காரும் சத்தம் அது. வீவக அடுக்குமாடி நடைபாதையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இதைச் செய்யாமல் இருப்பது நல்லது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி கதவைத் திறந்து பார்ப்பார். சாதாரணக் கைப்பம்பில் ஏறாவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள், அவர்களிடம் கம்ப்ரஸர் இருக்கும்.

29 டயருக்குச் சீலண்ட் நூறு மி.லி. அளவில் வேண்டும். அது லேடெக்ஸ் பால், நம் வெப்பத்தில் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் நடுத்தண்டைக் கழற்றி ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். குச்சி காய்ந்து வெளியே வந்தால் நீங்கள் சீலண்ட் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

காற்று எவ்வளவு? 70 கிலோ எடையுள்ளவர், 2.4 டயர், 30 மி.மீ. ரிம், டியூப்லெஸ் என்றால் முன்னால் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 25 என்று தொடங்கலாம். டியூப் இருந்தால் மூன்று நான்கு கூட்டுங்கள். கனமானவர்கள் கூட்ட வேண்டும், ஒல்லியானவர்கள் குறைக்கலாம். டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எண் அந்த அளவுவரை தாங்கும் என்பதற்கு மட்டும்தான். அந்த அளவுக்கு அடித்துக்கொண்டு போய், டயர் சரியில்லை என்று குறை சொல்கிறவர்களைத் தடத்தில் பார்க்கலாம். பின் ரிம் கல்லில் "டங்" என்று அடிக்கிறதா, ஒன்றிரண்டு கூட்டுங்கள். வளைவில் டயர் நெளிகிறதா, அப்போதும் கூட்டுங்கள். வேரில் துள்ளிக்கொண்டே இருக்கிறதா, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். 160 பிஎஸ்ஐ வரை முள் ஓடும் பம்பில் 22க்கும் 25க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மிதித்து வருகிறவர்கள் 30 வைத்துக்கொண்டு தாரில் வந்து, தடத்தின் வாசலில் நின்று இறக்கிவிட்டு உள்ளே போகலாம். திரும்பும்போது ஏற்ற ஒரு குட்டிப் பம்பு பையில் இருக்கட்டும். பெட்ரோல் நிலையத்தில் அடிக்க நினைத்தால், மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே இருக்கும் குழாய் பொருந்தாது. தம்மாத்தூண்டு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும்.

பழைய சக்கரம் வாங்குவதானால்

கேரோசலில் நல்ல சக்கரங்கள் வரும். பூஸ்ட் இல்லாத பழைய சைக்கிளைக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் யோகம், கேட்பார் குறைவு. நேரில் போய்ப் பார்த்தே வாங்குங்கள், விற்பவரின் புளோக்குக்குக் கீழே வெளிச்சமான இடமாகப் பார்த்து. ஆக்சிலை இரண்டு கையிலும் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால் பேரிங் கரகரப்பது விரலில் தெரியும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திக்கொண்டே சுற்றிவாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரிம்மின் ஓரத்தில் விரலை ஓடவிடுங்கள். டயர் உட்காரும் விளிம்பில் பள்ளம் இருந்தால் டியூப்லெஸ்ஸில் காற்று நிற்காது. ஸ்போக் புகும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ஃபோன் டார்ச்சில் பாருங்கள். சக்கரம் லேசாக ஆடினால் பெண்டு எடுத்துவிடலாம். பேரிங் போயிருந்தால் மாற்றலாம், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். ஓட்டையைச் சுற்றி வெடிப்பு கண்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.